பால்காரர் தனிஸ்லாஸ்

என்னைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பால் என்று சொன்னார்கள். சொன்னவர் எங்களுக்குத் தூரத்து உறவான இன்னாசிமுத்து மாமா. என் அப்பா பாகூர் ஏரிப் பாசனத்தில் வயல்வேலை செய்தவர். மாடு கன்று விஷயம் தெரிந்தவர்.

"எத்தினி மாடு?" என்று கேட்டார்.

"மாடா? ரெண்டு பெட்டி வச்சிருக்காரு. அதுல ஒண்ணு அவரே செஞ்சது" என்றார் மாமா.

பாலைப் பெட்டியில் வைத்து விற்பது டவுன் பக்கத்துப் பழக்கம்போல என்று அப்பா நினைத்துக்கொண்டார். மேலே கேட்டால் பட்டிக்காடு என்பார்கள் என்று விட்டுவிட்டார். 1969-இல் ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. சீர் வரிசையோடு ஒரு மூட்டை தவிடும் கட்டி அனுப்பினார். மருமகனின் மாடுகளுக்கு.

வில்லியனூரிலிருந்து அரியூர் போகிற வழியில் என் வீட்டுக்காரர் வீடு. மாட்டுக்கொட்டகை இல்லை. சாணி வாசனை இல்லை. மூன்றாம் நாள், தவிட்டு மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தவர் என்னிடம் கேட்டார். "இது இன்னாத்துக்கு மேரி?"

"மாட்டுக்கு."

"எந்த மாட்டுக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, மாமா சொன்னதைச் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு இரண்டு பெட்டிகளையும் திறந்து காட்டினார். இரண்டிலும் இசைத்தட்டு ஓடும் பிளேயர்கள்.

"பால்னா இதுடி. பிரெஞ்சுல டான்ஸ் ஆடற விசேஷத்துக்குப் பேரு பால். நான் பாலுக்குப் பிளேட்டு வெக்கறவன்."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைச் சொல்தா என்பார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்குத்தான் ஞாயிறுதோறும் இவர் போய்வந்தார். இன்னாசிமுத்து மாமாவுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் விட்டார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. தவிட்டு மூட்டையை ஒரு மூலையில் தள்ளி, பிளேயர் பெட்டிகளை அதன்மேல் வைத்தோம்.

இந்த ஆசை அவருக்கு எப்படி வந்தது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதினாறு வயதில் டவுனில் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை. உமி போட்டுச் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளங்களைச் சைக்கிளில் வைத்துக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டுபோவார். கடற்கரைப் பக்கம் சொல்தாக்கள் கூடும் கிளப் ஒன்று இருந்தது. ஜூலை பதினாலாம் தேதி, பிரான்சின் தேசிய நாள், அவர்களுக்குப் பெரிய நாள். அன்றைக்கு ஐஸ் நிறைய வேண்டும். சமையல்கட்டில் பாளத்தை இறக்கிவிட்டு, கூடத்துக்குப் போகும் கதவின் பலகைச் சந்து வழியாகப் பார்த்திருக்கிறார். மரப்பலகை போட்ட தரை. மெழுகுவத்தி தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். அதன்மேல் நாற்பது ஐம்பது ஜோடிக் கால்கள்.

"யாரும் யார் காலயும் பாக்கல மேரி. ஆனா எல்லாக் காலும் ஒண்ணா போவுது. கோயில்ல நம்ம ஜனம் ஒரு பக்கம் நிக்குது, அவங்க ஒரு பக்கம் நிக்கறாங்க. அங்க எந்தத் தெருன்னு யாரும் கேக்கல. காலு ஒத்து வருதா, அவ்ளோதான்."

சாக்கில் மிச்சமிருந்த ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, அடுத்த கடைக்குப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கு அவர் இன்னொன்றையும் கவனித்தார். தட்டு முடிந்ததும் பாட்டு நின்றுவிடும். அடுத்த தட்டை எடுத்துத் துடைத்து வைப்பதற்குள் ஜோடிகள் பிரிந்து நாற்காலிக்குப் போய்விடும். தெரு திரும்ப வந்துவிடும். அந்த இடைவெளி அவரைப் படுத்தியிருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வழி மில்லில் கிடைத்தது. பத்தொன்பது வயதில் நெசவுப் பகுதியில் சேர்ந்தார். தறியில் இங்கும் அங்கும் ஓடி ஊடுநூல் விடும் நாடாவுக்குள் நூல் தீர்ந்துபோனால் துணியில் ஒரு இடைவெளி விழும். அதைச் சந்து என்பார்கள். சந்து விழுந்த துணியைத் தள்ளிவிடுவார்கள். நல்ல நெசவாளி நூல் தீரும் முன்பே தெரிந்துகொண்டு அடுத்ததை மாற்றிவிடுவான். மாற்றிய இடம் எது என்று துணியைத் தடவிப் பார்த்தாலும் தெரியாது.

"பாட்டுக்கும் அதான். தீர்றதுக்குள்ள மாத்திடணும். சந்து வுழக் கூடாது."

அதற்குத்தான் இரண்டு பிளேயர். மில்லில் கழித்துப்போட்ட கம்பளித் துண்டை வட்டமாக வெட்டி, தட்டுக்கு அடியில் போட்டிருந்தார். கீழே மோட்டார் சுற்றும், மேலே தட்டை விரலால் அழுத்தி நிறுத்தி வைக்கலாம். ஓடுகிற பாட்டின் தாள அடி சரியாக வரும்போது விரலை எடுத்தால் இரண்டாவது பாட்டு அதே அடியில் புறப்படும். இரண்டாவது தட்டில் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிய, சத்தத்தைக் குறைத்துவிட்டு ஊசியருகே காதை வைப்பார். ஊசி தானாகவே மெல்லப் பாடும். கொசு பாடுவதுபோல இருக்கும். எனக்கும் கேட்கக் கற்றுக்கொடுத்தார்.

திருபுவனையில், அபிஷேகப்பாக்கத்தில், எங்கே கல்யாணம் காதுகுத்து என்றாலும் மில் லீவு நாளில் போவார். முதலில் ஒரு சாமி பாட்டு. அதற்குப் பிறகு ஒன்றோடொன்று கோத்துவிடுவார். பந்தலில் பிள்ளைகள் ஆடியபடியே இருக்கும். அபிஷேகப்பாக்கத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றார்.

"யோவ் தனிஸ்லாசு, இது இன்னா பாட்டா, பாகூர் ஏரி மதகா? ஜனத்த சாப்பிடக் கூப்புடறதுக்காவது சந்து வுடுய்யா!"

அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சந்தோஷப்பட்டார். ஆனால் பந்தலில் ஆடுவது வேறு, அந்த மரத்தரை வேறு. கிளப்பின் செக்ரட்டரி பாஸ்கல் முசியே, அதாவது பாஸ்கல் ஐயா, அல்ஜீரியா வரைக்கும் போய்வந்த சொல்தா. கீறல் விழுந்த தட்டுகளை இவருக்குக் கொடுப்பார். ஆனால் கிளப்பில் அவரே ஒரே பிளேயரில் ஒவ்வொன்றாக வைப்பார். ஜூலை பதினாலு பாலை ஒருமுறை, தொடக்கம் முதல் முடிவு வரை சந்து விழாமல் நடத்திவிட வேண்டும். இவருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் ஆசை. வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைக்கூட அவர் கேட்டு அழுததில்லை.

1977 வாக்கில் எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். முகத்தைப் பார்த்துப் பேசினால் பதில் வரும். பன்னிரண்டு வருஷம் தறிச்சத்தத்தில் நின்றவர். அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. உதட்டைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள். அதனால் அவர் தலையாட்டுவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. திருபுவனையில் ஒரு கல்யாணத்தில் இரண்டு பாட்டும் மோதிக்கொண்டன. கூட வேலைபார்த்த பலராமன் அங்கே வந்திருந்தார்.

"இன்னாபா, ரசத்தையும் பாயசத்தையும் ஒரே எலையில ஊத்தற?"

இவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். வீட்டுக்கு வந்து தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஊசி பேச மாட்டுது மேரி."

நான் பிளேயரை ஓடவிட்டு ஊசியருகே குனிந்தேன். எனக்குக் கேட்டது. "பேசுதுங்க" என்றேன். அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பேசவில்லை என்றே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நானும் கூடப்போனேன். நான் ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சுகிறவள். ஐந்தாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேடையேறிப் படிக்கச் சொன்னார்கள். ஓடிவந்தவள்தான், மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் மேசைக்குப் பின்னால் தாழ்வாக ஒரு முக்காலி போட்டு, முக்காடிட்டு உட்காருவேன். ஊசியருகே காதை வைத்துக் கேட்பேன். பாட்டு தொடங்கும் இடத்தில் தட்டை நிறுத்தி அவர் விரலுக்குக் கொடுப்பேன். ஓடும் பாட்டில் அடி வரும்போது மேசைக்கு அடியில் என் பெருவிரலால் அவர் காலை அழுத்துவேன். அவர் விரலை எடுப்பார். பார்க்கிறவர்கள், தனிஸ்லாஸ் பெண்டாட்டி மேசை அடியில் ஜெபம் சொல்கிறாள் என்றார்கள். இரண்டு வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அவர் பெயர் முன்னைவிடப் பரவியது.

1979 ஜூன் மாதம் பாஸ்கல் முசியே வீடு தேடி வந்தார். "எனக்கு வயசாச்சுப்பா. இந்த வருஷம் பதினாலாந்தேதி நீதான் வெக்கணும்" என்றார்.

"ஊய் முசியே" என்று பிரெஞ்சில் ஆமாம் சொல்லி இவர் தலையாட்டினார். அவர் போன பிறகு என்னிடம், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். மூன்று முறை சொல்லவைத்தார்.

பதினாலாம் தேதி சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குக் கிளப்பில் ஆரம்பம். அந்தத் தரையை அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து, மேசையடியில் காலை நீட்டி வைத்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து என் விரலை அதன்மேல் வைத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒருவரும் உட்காரவில்லை. நான் கால்களை மட்டுமே பார்த்தேன். வால்ஸ் ஆட்டம் போய் டாங்கோ ஆட்டம் வந்தது எப்போது என்று கால்களுக்கே தெரியவில்லை. ஜரிகைப் புடவைகள், பிரெஞ்சு கவுன்கள், பாலிஷ் போட்ட பூட்ஸ்கள். ஓரமாக நின்ற கிழவர்கள்கூடத் தரைக்கு இறங்கிவிட்டார்கள். "ஒருத்தரும் ஒக்காரலப்பா! ஒருத்தரும்!" என்று பாஸ்கல் முசியே யாரிடமோ கத்தியது கேட்டது. நான் அதை இவர் காலில் எப்படிச் சொல்வேன்? வெறுமனே இரண்டு முறை அழுத்தினேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். வியர்வையில் முகம் மின்னியது. பதினாறு வயதில் எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குப் பார்த்துவிட்டேன்.

நன்றாக நடந்ததுதான் வினையானது.

பாஸ்கல் முசியே மார்பில் மெடல்கள் குலுங்க மேசைக்கு வந்தார். குனிந்து என் பக்கம் கையை நீட்டினார். "மதாம் தனிஸ்லாஸ், பால் நல்லா நடந்தா பிளேட்டு வெக்கறவர் சம்சாரத்தோட செக்ரட்டரி ஒரு வால்ஸ் ஆடணும். இது நம்ம கிளப் வழக்கம், மரியாதை." பிறகு இவரைப் பார்த்து, "சம்மதம்தானே?" என்றார்.

இவர் கை இரண்டாவது தட்டின்மேல் இருந்தது. ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. "ஊய், ஊய் முசியே" என்று சிரித்தபடி தலையாட்டினார்.

பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அவருக்குக் கேட்கவில்லை என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில், என்னை எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்றுதான் பட்டது. மேடையேறச் சொன்ன அந்த நாள் திரும்பி வந்தது. எழுந்தேன், ஓடினேன். கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அது சமையல்கட்டு. காப்பிக்காகப் பெரிய அண்டாவில் பால் காய்ந்துகொண்டிருந்தது. சமையல்கார விருத்தாம்பாள் கரண்டியோடு திரும்பினாள்.

"இன்னாம்மா, பேயக் கண்டாப்ல ஓடியார?"

நான் கதவில் சாய்ந்து நின்றேன். வெளியே பாட்டு ஓடியது. முடிவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. போய்விட வேண்டும் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அப்போது ஊசி ஒரு கீறலில் மாட்டிக்கொண்டது. பாடுகிறவள் ஒரே மூன்று சொல்லைச் சொன்னாள். மறுபடியும் அதே மூன்று சொல். மறுபடியும்.

"இன்னாம்மா இது, பாட்டு ஒரே எடத்துல மாவாட்டுது?" என்றாள் விருத்தாம்பாள்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். நான் கதவின் பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன். ஆடினவர்கள் நின்றுவிட்டார்கள். சிலர் வேடிக்கையாக அந்த மூன்று சொல்லுக்கே முன்னும் பின்னும் குதித்தார்கள். சிரிக்கிறவர்களைப் பார்த்து அவரும் சிரித்தார். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ஒரு விரல் இரண்டாவது தட்டை அழுத்தியபடி இருந்தது. மேசைக்கு அடியில் அவர் கால், நான் விட்டுவந்த இடத்தில் நீட்டியபடியே இருந்தது. என் விரல் வந்து அழுத்தும் என்று காத்திருந்தார்.

பத்து எட்டு வைத்தால் மேசை. நான் போகவில்லை. கால் வரவில்லை என்று சொன்னால் அது பொய். போகவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. விருத்தாம்பாள் என்னை இடித்துக்கொண்டு போய் இறக்கினாள்.

கடைசியில் பாஸ்கல் முசியேதான் ஊசியைத் தூக்கினார். சந்து விழுந்தது. அந்த அமைதியில் அவர் பதறிப்போய்க் கேட்டது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

"தனிஸ்லாஸ், காது கேக்கலயாப்பா ஒனக்கு?"

இவர் தலையாட்டினார். "ஊய் முசியே."

இன்னொரு முறை சிரிப்பு எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது. ஜோடி ஜோடியாகப் போய் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

சைக்கிளில் வீடு திரும்பினோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கேட்டில் நிறுத்தி இறங்கினார். உதட்டைப் பார்ப்பதற்காக என் எதிரில் வந்து நின்றார்.

"கீறல்ல எத்தினி சுத்து சுத்துச்சு?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

"ரெண்டுதாங்க."

"ரெண்டுன்னா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "பாஸ்கல் முசியே ஒங்கிட்ட இன்னா கேட்டாரு?"

"குடிக்கத் தண்ணி வேணுமான்னாரு" என்றேன்.

அப்படித்தான் அவருக்குக் கிடைத்த மரியாதை அவருக்கே தெரியாமல் போயிற்று.

அடுத்த வருஷம் மில்லிலிருந்து நின்றுவிட்டார். பிளேயர்களும் தட்டுகளும் கிளப்புக்கே போய்விட்டன. என் அப்பா பாகூரிலிருந்து ஒரு சினைப் பசுவை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்தார். "மொதல்லயே இதக் குடுத்து அனுப்பியிருக்கணும்" என்றார். பதினோரு வருஷத்துத் தவிடு, பூச்சி அரித்து மண்ணாகியிருந்தது. அதைக் கொட்டிவிட்டு, புதுத் தவிடு வாங்கினோம். தினமும் விடியற்காலையில் கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போவார். கிளப் சமையல்கட்டிலும் ஊற்றுவார். ஊரில் அவரைப் பால்காரர் தனிஸ்லாஸ் என்றே கூப்பிட்டார்கள். பழசு தெரிந்தவர்கள் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அவருக்குத்தான் கேட்காதே. பால் கறக்கும்போது பாத்திரத்தில் விழும் பீச்சு எப்போதும் ஒரே அடியில் விழும். நான் நின்று கேட்பேன்.

1986 ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்தார். அதற்கு முந்தைய வருஷம் ஜூலை பதினாலாம் தேதி நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் கிளப்பில் கூடுதலாகப் பால் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் இரண்டு கேன். ஒன்றைப் பிடிக்க என்னையும் கூட்டிப்போனார். விருத்தாம்பாளிடம் அளந்து ஊற்றிவிட்டு, அந்தப் பலகைக் கதவுக்குப் போய் நின்றார். பாட்டின் அதிர்வு தெரிய உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் போனேன். உள்ளே யாரோ ஒரு புதுப் பையன் என் வீட்டுக்காரரின் பிளேயரில் தட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

நான் அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். என் உதட்டைப் பார்க்கட்டும் என்று மெல்லச் சொன்னேன். "அன்னிக்கு பாஸ்கல் முசியே தண்ணி வேணுமான்னு கேக்கல. பால் நல்லா நடந்துச்சுன்னு, மரியாதைக்கு என்னை ஆடக் கூப்புட்டாரு. நான்தான் ஓடிட்டேன். ரெண்டு சுத்து இல்ல. பால் பொங்கி வழியிற வரைக்கும் சுத்துச்சு. நான் இங்கதான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் ரொம்ப நேரம் என் வாயையே பார்த்தார். நான் நிறுத்திய பிறகும் பார்த்தார்.

"நல்லா நடந்துச்சுன்னாரா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"ஆடியிருக்கலாமேடி" என்றார்.

பிறகு கதவுப் பக்கம் திரும்பி, பலகைச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டார். செருப்பிலிருந்து காலை எடுத்து என் பக்கமாக நீட்டி வைத்தார். நான் என் விரலை அதன்மேல் வைத்து, உள்ளே ஓடும் வால்ஸை ஒவ்வொரு அடியாக அழுத்தினேன். விருத்தாம்பாள் பார்த்தாள். பரிமாறுகிற பையன்கள் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.

முடிந்தது. அந்தப் பையன் அடுத்த தட்டைத் தேடினான். ஜோடிகள் கையை விட்டுவிட்டு நாற்காலிகளுக்குப் போனார்கள். மரத்தரை காலியானது.

"சந்து வுட்டுட்டான் பாரு" என்றார் அவர்.